மாரியப்பன் குதிக்கக் கூடாது

"இன்னா சார், மாரியப்பன இன்னிக்குக் கடல்ல குதிக்க வெக்கப் போறியாமே?"

இயக்குநர் வெற்றி திடுக்கிட்டுத் திரும்பினார். கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, கையில் ஒரு தூக்குச் சட்டியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"யாரும்மா உங்களை உள்ளே விட்டது?"

"நானேதான் கயித்தத் தூக்கிகினு வந்தேன். எம் பேரு ரோஸ்மேரி, ராயபுரம். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

திருவொற்றியூர்க் கடலுக்குள் அலைத்தடுப்பாக நீண்டு கிடந்த தூண்டில் வளைவின் கறுப்புப் பாறைகள் மேல் கேமராவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான்கு வருடமாக டிவியில் ஓடும் துப்பறியும் தொடருக்கு இன்று கடைசிப் படப்பிடிப்பு. தூக்கம் கெட்டு, குடித்து, குடும்பத்தைத் தொலைத்த இன்ஸ்பெக்டர் மாரியப்பன் தன் கடைசிக் கேஸையும் முடித்துவிட்டு, அந்தப் பாறை நுனியிலிருந்து கடலில் குதிக்க வேண்டும். அத்தோடு கதை முடிந்தது.

"முடிவை எவன் வெளியே சொன்னான்?" வெற்றி உதவியாளர்களை முறைத்தார்.

"அத்த வுடு. அந்தாளு ஏன் சாவணும்?"

"வேற என்னம்மா இருக்கு அவருக்கு?"

"நல்லா கேட்ட போ! இந்த நாலு வருசத்துல இன்னா பாடு பட்டாரு? லாரி மேலேர்ந்து வுழுந்தாரு. எண்ணூர்ல நெருப்புக்குள்ள பூந்தாரு. கண்டெய்னர் மேலேர்ந்து குதிச்சாரே, அதுல தோள்பட்டை எறங்கிப் போச்சு. இன்னும் அந்தக் கையத் தலைக்கு மேல தூக்க முடியல."

வெற்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த சீன்லயே அதே கையால வில்லனை அறைஞ்சாரே, பாக்கலையா?"

"அது உன் கதை நைனா. ஒருக்களிச்சுப் படுக்க முடியாம மனுசன் மொனகிகினு கீறாரு. அத்த நீ எங்க எடுத்த?"

"அடேயப்பா! இவ்வளவு ஒன்றிப் போயா பாக்கறீங்க?"

"மாரியப்பன் வுழறப்பல்லாம் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்தறவ நானு. கலாய்க்காத."

குடை நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த கதாநாயகனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லாச் சொல்லுங்கம்மா! எனக்கும் சாக இஷ்டமில்லை" என்றார்.

ரோஸ்மேரி அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் முழுதும் பாறை நுனியிலேயே இருந்தது. அங்கே அலை மோதி ஆள் உயரத்துக்கு நுரை எழும்பி விழுந்தது.

"சரி" என்று வெற்றி அவள் எதிரே வந்து நின்றார். அந்த முடிவை எழுதிய நாளிலிருந்து அவருக்கே உள்ளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டுதான் இருந்தது. "குதிக்கலைன்னு வச்சுக்குவோம். கேஸ் முடிஞ்சு போச்சு. அவர் எங்கே போவார்?"

"வூட்டுக்கு."

"வீட்ல யாருமில்லையே. பொண்டாட்டிதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளே."

"போனவளுக்கு போன் இல்லியா? பண்ணச் சொல்லு."

"பண்ணி? 'உன்னை மன்னிச்சிட்டேன்'னு அழுவாளா?"

"ஐய, கட்டினவ அப்டில்லாம் பேச மாட்டா." ரோஸ்மேரி தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "'சோறு ஆறுது, வர்றியா?'ம்பா. அவ்ளோதான்."

கதாநாயகன் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வெற்றி, இதை நான் நடிக்கிறேன்யா."

அடுத்த அரை மணி நேரத்தில் காட்சி மாறிவிட்டது. பாறை நுனியில் நின்ற மாரியப்பனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். தோள்கள் குலுங்கின. பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி, பாறைக்குப் பாறை கை ஊன்றி, கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் விசில் பறந்தது. மீன்கூடையோடு நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"கட்!" என்று கத்திவிட்டு வெற்றி நேராக ரோஸ்மேரியிடம் வந்தார்.

"உங்க மாரியப்பனைக் காப்பாத்திட்டீங்கம்மா."

"இனிமே எங்கியும் குதிக்கிற சீனு இல்லியே?"

"இல்லவே இல்லை. தொடரே முடிஞ்சுது."

"அந்தோணியார் மேல சத்தியமா?"

"சத்தியமா. வாங்க, ஹீரோவோட ஒரு போட்டோ எடுத்துக்கங்க."

"அவரோட எனக்கு இன்னாத்துக்கு போட்டோ?"

"சரி, அந்தத் தூக்குல என்ன? எங்களுக்கா சாப்பாடு கொண்டு வந்தீங்க?"

"உனக்கில்ல நைனா" என்று சிரித்துவிட்டு, வண்டிகள் நின்ற பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.

வேனுக்குப் பின்னாலிருந்து அதே சாம்பல் நிறச் சட்டை, அதே ஒட்டுத்தாடியோடு இன்னொரு மாரியப்பன் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே வந்தான். "காலைல நீ அழுது மறிச்சும் கேக்காம வந்தேன், கடைசி நாளும் அதுவுமா டூப்பே வேணாம்ட்டானுங்கடி; எவளோ வந்து கதைய மாத்திட்டாளாம்!" என்று அலுத்துக்கொண்ட கணவன் ஜோவின் தாடியை மெல்லப் பிய்த்தெடுத்தபடி ரோஸ்மேரி சொன்னாள்:

"அப்டியா? வாய்யா, சோறு ஆறுது."