இரண்டும் வலது காதுக்கு

“சிஸ்டர்ஸ், கம்பியை இப்படி மெல்ல வளைங்க” என்று போனுக்குள் இருந்த டீச்சர் சொன்னதும், லாரி ஓட்டித் தடித்த விரல்களால் செல்வின் மெல்ல வளைத்தார். அந்த ஆன்லைன் நகை வகுப்பில் ஒரே ஆண் அவர்தான்.

மகள் ஜெபா வலது காதில் காது மிஷின் வைத்திருக்கிறாள். கல்யாண வீடுகளுக்குப் போனால் அந்தப் பக்கம் முடியை இழுத்து விட்டுக்கொள்வாள். மிஷினை மூடுகிற மாதிரி, காது மடலோடு வளைந்து ஏறும் முத்து மாட்டல் இருந்தால் அவள் தைரியமாகத் தலை பின்னிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. டீச்சர் வலது காதுக்கானதை முடித்துக் காட்டி, “இன்னொண்ணையும் இதே மாதிரி செஞ்சிடுங்க” என்றார். செல்வின் அச்சு அசலாக அதே மாதிரி செய்தார்.

அத்தை மகன் கல்யாணத்தன்று ஜெபா ஒன்றை இடது காதில் வைத்துப் பார்த்தாள். முத்துகளெல்லாம் தலைப் பக்கமாகத் திரும்பிக்கொண்டன.

“அப்பா, ரெண்டையுமே வலது காதுக்குச் செஞ்சிருக்கீங்க.”

“கொண்டா, மாத்தி வளைச்சிடுறேன்” என்று அவர் கம்பி வளைக்கும் குறட்டைத் தேடினார்.

அவள் கொடுக்கவில்லை. அதை வலது காதில் மாட்டினாள். மிஷின் மறையவில்லை. முத்து வரிசைக்கு நடுவே பதித்த கல் மாதிரி அதுவும் தெரிந்தது. செல்வினுக்கு முகம் வாடிவிட்டது. அவள் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முடியை மொத்தமாக அள்ளி உச்சியில் கொண்டை போட்டாள்.

“இடது காது சும்மா கெடக்கே மக்ளே.”

“கெடக்கட்டும்ப்பா. அந்தக் காதுல என்ன இருக்கு, அலங்காரம் பண்ண.”