உறைபனியில் ஒரு கிளிப்

மூன்றாவது முறையாகவும் இந்துமதி அந்தக் கிளிப்பைக் கொண்டுபோய் உறைபனியில் மாட்டினாள்.

இந்த முறை மாட்டிக்கொண்டாள். தலைமையாசிரியர் சில்வஸ்டர் சார் வகுப்பு வாசலிலேயே நின்றிருந்தார்.

காலையிலிருந்து அதைக் கழற்றி வெயிலுக்கு மாற்றுவது அவர்தான். தன் தலை மறைந்ததும் அது எப்படித் திரும்ப உறைபனிக்குப் போகிறது என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

பத்தாம் வகுப்பின் பின்சுவரில் இருக்கிறது அந்தப் பலகை. வெயில், மஞ்சுமூட்டம், மழை, உறைபனி என்று நான்கு படங்கள். ஸ்டெபி டீச்சர் தன் கையால் வரைந்தவை. துணி காயப்போடும் கிளிப்பில் ஆளுக்கொரு பெயர் எழுதிக் கொடுத்திருந்தார்.

காலையில் வந்ததும் மனசு எப்படி இருக்கிறதோ, அந்தப் படத்துக்குக் கீழே அவரவர் கிளிப்பை அவரவரே மாட்ட வேண்டும். ஒருவர் கிளிப்பை இன்னொருவர் மாற்றக் கூடாது.

உறைபனியில் மாட்டிய பிள்ளையிடம் டீச்சர் அன்றைக்குப் பாடத்தில் கேள்வி கேட்க மாட்டார். என்ன ஏது என்று துருவவும் மாட்டார். இன்டர்வெல் மணி அடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். பாதி இன்டர்வெல் போவதற்குள் பிள்ளை தானாகவே பேசிவிடும்.

மலைமேல் இருக்கிற மஞ்சூரில் உறைபனி என்றால் எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி விழும். விடிந்து வெயில் பட்டதும் தேயிலைக் கொழுந்து கருகிப் போகும்.

இந்தப் பலகையின் புகழ் சென்னை வரை போய்விட்டது. ‘மகிழ்ச்சியான பள்ளி’ என்று ஒரு விருதாம். அதற்காக இன்று குழு வருகிறது. வாசல் சுவரில் ‘இடைநிற்றல் இல்லாத பள்ளி’ என்று எழுதிய பெயிண்ட் இன்னும் காயவில்லை.

எல்லாக் கிளிப்பும் வெயிலில் இருக்க வேண்டும் என்று சில்வஸ்டர் சார் காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டார். உத்தரவு போட்டு வெயிலை வரவழைக்கிற மனிதரை மஞ்சூர் இன்றைக்குத்தான் பார்க்கிறது.

பிள்ளைகளும் மாட்டினார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்க, ஒரு வாரமாக மழையை விட்டு நகராத அலன்கூட வெயிலுக்கு வந்துவிட்டான்.

இந்த ஒன்றுதான் அடங்கவில்லை.

“ஏம்மா, உனக்கு என்ன குறைச்சல்? ஒரு நாள் சிரிச்சு வெச்சா குறைஞ்சா போயிடுவே?”

டி.சி. கொடுத்துவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை, ஆனால் கோபம் வந்தால் சொன்னதைச் செய்துவிடுகிறவர். விஷயம் அப்பா வீரையாவின் காதுக்குப் போனால் கதை முடிந்தது. படித்தது போதும் என்று சொல்ல அவருக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

இருந்தும் அவள் பலகையை விட்டு நகரவில்லை. முதுகை அதில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

சார் பதறிப்போய் ஸ்டெபி டீச்சரைக் கூப்பிட்டார். நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்றார். டீச்சர் தற்காலிக ஆசிரியை. இந்த விருது வந்தால் வேலை நிரந்தரமாகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் வந்தார். இந்துமதியை மெல்ல விலக்கிவிட்டுக் கிளிப்பைப் பார்த்தார்.

“இருக்கட்டும் சார்” என்றார். அவ்வளவுதான். போய் மேஜை அருகே நின்றுகொண்டார்.

சார் வாயைத் திறப்பதற்குள் குழு உள்ளே வந்துவிட்டது.

வந்தவர்களில் பெரியவர் ஒரு மேடம். சால்வையை இழுத்துப் போர்த்தியும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். பலகையைப் பார்த்ததும் குளிரை மறந்துவிட்டார். அடடா என்றார். செல்போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனவரின் கண், வெயிலில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த கிளிப்புகளை விட்டுவிட்டுத் தனியாக இருந்த ஒன்றில் நின்றது.

அதன் பக்கத்தில் இந்துமதி நின்றாள். மேடம் அவள் தோளில் கை வைத்து, என்னம்மா கஷ்டம் உனக்கு என்று கேட்டார்.

கொஞ்சம் அடம் பிடிக்கிற பிள்ளை மேடம் என்று சில்வஸ்டர் சார் முந்திக்கொண்டார்.

இந்துமதிக்குச் சுர்ரென்று வந்தது. அந்தக் கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம். என்னோடது அங்க இருக்குதுங்க, வெயில்ல.”

கை நீட்டிக் காட்டினாள். இருந்தது. இந்துமதி என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தது.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, உறைபனியில் இருந்த கிளிப்பைப் படித்தார். காலையிலிருந்து கழற்றிக் கழற்றி மாட்டிய சில்வஸ்டர் சார் ஒரு தடவைகூடப் படிக்காத பெயர் அது.

“சசிரேகா யாரு? எழுந்திரும்மா.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரத்து பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது.

சில்வஸ்டர் சார் இருமினார். இந்துமதி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“தீபாவளிக்கு முந்துன நாள் அவளே மாட்டுனதுங்க மேடம். அன்னிக்கு அரை நாள்தான் ஸ்கூலு. டீச்சர் வந்து பக்கத்துல உக்கார்றதுக்குள்ள ஊட்டுக்குப் போற மணி அடிச்சுட்டாங்க. தீபாவளி முடிஞ்ச மறுநாளே அவளத் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு அனுப்பிட்டாங்க. இத வெயிலுக்கு மாத்தோணும்னா, அவளே வந்து மாத்தட்டுங்க.”