முதுகுப் பக்கம்

நாகூரிலிருந்து கப்பலில் வந்த புதுப்பெண் சபுராவுக்கு, சூலியா தெருச் சாப்பாட்டுக் கடையில் தன் கணவர் நைனாவைக் கண்டு எல்லோரும் நடுங்குவதாகத் தோன்றியது. அவர் பக்கத்தில் போகுமுன் வேலையாட்கள் தூரத்திலேயே சலாம் சொன்னார்கள்.

"அவ்வளவு கோவக்காரரா?" என்று சமையற்காரர் காசிமிடம் கேட்டாள்.

"நீயும் குரல் குடுத்துட்டே போம்மா" என்றார் அவர்.

அன்று மாலையே மறந்துவிட்டாள். தேத்தண்ணீரோடு சத்தமில்லாமல் வந்து, அரிசி அளந்துகொண்டிருந்த நைனாவின் தோளைப் பின்னாலிருந்து தொட்டாள்.

ஆறடி மனிதர் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு தரையில் சுருண்டார். "அடிக்காதீங்க சாச்சா! இனிமே தட்டை உடைக்கமாட்டேன்!" என்று சித்தப்பாவிடம் கெஞ்சும் சிறுவனைப் போல அலறினார்.

காசிம் அவருக்கு முன்பக்கமாக வந்து உட்கார்ந்தார். "சாச்சா மௌத்தாகி, அடக்கம் பண்ணி எத்தனையோ வருஷமாச்சு தம்பி. இப்ப நாங்கதானே இருக்கோம்."

மறுநாள் வாசலிலிருந்தே சபுராவின் சலாம் கேட்டது. நைனா திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். அரிசி அளந்த கை நிற்கவில்லை.