மணி அடித்த பிறகும்

"உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்ம்மா. நாங்க எவ்வளவோ..."

மாணவன் சொல்லி முடிப்பதற்குள் தேர்வு மணி அடித்தது. சட்டென்று எழுந்து அடுத்த அறைக்கு ஓடினான்.

அந்த ஸ்காட்லாந்து மருத்துவக் கல்லூரியின் தேர்வுகளில், கணவனைப் பறிகொடுத்தவளாக நடிப்பது மோராக்கின் வேலை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண் தாளில் பூஜ்யம் போட்டாள்.

"அநியாயம் மோராக்! மணி அடிச்சா போயிடணும்னு விதி இருக்கே. பாவம், பையன். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் தேர்வாளர் டாக்டர் இன்னஸ்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி நீயும் இப்படித்தான் ஓடின. உனக்கும் பூஜ்யம்தான் போட்டேன்."

இன்னஸ் சிரித்துவிட்டார். "மறக்க முடியுமா? அந்தக் கோடை லீவு முழுக்க உங்களைத் திட்டிக்கிட்டேதான் மறுதேர்வுக்குப் படிச்சேன்."

"போன நவம்பர்ல என் வீட்டுக்காரர் டூகல் நிஜமாவே போனப்ப, சேதி சொல்ல நீதான் வந்த. உன் பாக்கெட்ல ஃபோன் மூணு தடவை அடிச்சுது. என் கையைப் பிடிச்ச நீ எந்திரிக்கவே இல்லியேப்பா."

இன்னஸ் பேனாவைத் திறந்து, அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.