பின்னால் தெரிந்த முகம்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பூவராகவன் வீடியோ காலில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தான். எதிர்முனையில் அவனோடு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பாஸ்கர், பொன்னேரியில் இதே ரயிலுக்காகக் காத்திருந்தான்.

பின் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் சட்டென்று முகத்தை மூடினாள். “அண்ணா, என்னியக் காட்டாதீங்க.”

“உன்ன யாரும்மா பாக்கப் போறாங்க?” என்று சிரித்தான் பூவராகவன்.

“எந்தப் பெட்டிடா?” என்றான் பாஸ்கர்.

“கடைசிப் பெட்டி. வந்துரு.”

பொன்னேரியில் ஏறிய பாஸ்கர், பூவராகவனைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணின் கூந்தலைப் பிடித்தான். “கட்டின புருஷன வுட்டு ஓடினா கண்டுபுடிக்க மாட்டேன்னு நெனச்சியா?”

பூவராகவன் பாய்ந்து அவனைப் பிடித்துத் தள்ளினான். “என்னாலதாம்மா... மன்னிச்சுரு.”

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “இனிமே எந்த ஊருக்குண்ணா போவேன்?”