வாயில் கவ்விய பூஞ்சை

பராகுவேயின் செம்மண்ணில் மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மரவள்ளிக் கொல்லையின் ஓரத்தில், இலைவெட்டி எறும்புகளின் புற்றுக்கு முன்னால் நிகானோரும் அவன் மனைவி எவரிஸ்டாவும் குத்தவைத்திருக்கிறார்கள். இந்த எறும்புகள் வெட்டிய இலையைத் தின்பதில்லை. உள்ளே தாங்கள் வளர்க்கும் பூஞ்சைக்கு அதைத் தீனியாகப் போட்டு, பூஞ்சையைத் தின்கின்றன. எள் இலை அந்தப் பூஞ்சைக்கு ஆகாது. அதனால் பதினைந்து நாளாக இருவரும் எறும்புத் தடத்தில் எள் இலையாகப் போட்டு வந்தார்கள். இன்று செத்த பூஞ்சையைச் சாம்பல் நிறக் கட்டிகளாக எறும்புகள் வெளியே தள்ளுகின்றன. "ஒழிஞ்சுது சனியன்! இந்த வருஷக் கிழங்கு நமக்குத்தான்" என்று நிகானோர் தொடையைத் தட்டுகிறான். எவரிஸ்டா சிரிக்கவில்லை. "கொஞ்சம் வாயை மூடுய்யா. உள்ள என்னமோ சலசலங்குது."

விரற்கணு நீளத்தில், சிறகோடு ஒரு ராணி எறும்பு வெளியே வருகிறது. அதன் பின்னால் பத்து, பிறகு எண்ண முடியவில்லை. கோழிகள் பாய்ந்து வருகின்றன. எவரிஸ்டா இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவி அடிக்கிறாள். "அடிய்யா, வேடிக்கை பாக்குற! இவளுக ஒவ்வொருத்தியும் சாகாத பூஞ்சைல ஒரு கிள்ளு வாயில கவ்விக்கிட்டுப் போறாளுக. ஒருத்தி எறங்கி, சிறகை உதிர்த்துட்டு மண்ணுக்குள்ள பூந்தாப் போதும், புதுப் புத்து வச்சிடுவா!" நிகானோர் தொப்பியை வீசி வீசி அடிக்கிறான். தப்பியவை வானத்தில் கரும்புள்ளிகளாகச் சுற்றுகின்றன. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது. வெகுநேரம் கழித்து ஒன்று, எங்கும் போகாமல், அவர்கள் கொல்லையின் நடுவிலேயே இறங்குகிறது. இருவரும் செடிகளை விலக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஈர மண்ணில் நான்கு சிறகுகள் உதிர்ந்து கிடக்கின்றன. எறும்பைக் காணவில்லை. எவரிஸ்டா மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணைக் கிளறுகிறாள்.