தொண்ணூற்றொன்பது மருந்துக்குப்பிகள்

சின்ன வயதில் நானும் அக்காவும் விளையாடிய ஜப்பானிய வீடியோ கேமின் இரண்டாம் பாகம் முப்பது வருடம் கழித்து வந்தது. பழைய ஆட்டம் பதிந்திருக்கும் மெமரி கார்டைச் செருகினால், முதல் பாகத்தில் நாம் நடத்திய விதமெல்லாம் அதிலுள்ள பாத்திரங்களுக்கு ஞாபகம் இருக்குமாம். கார்டு இளநிலா அக்காவின் நகைப்பெட்டியில்தான் இருந்தது. போனில் சொன்னதும், ஞாயிறு காலையிலேயே அதை எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

திரையில் எங்கள் பழைய கூட்டாளிகள் நால்வரும் எழுந்து நின்றார்கள். பையில் அதே தொண்ணூற்றொன்பது மருந்துக்குப்பிகள். பள்ளி விடுமுறை முழுக்க விளையாடிச் சேர்த்தவை. ஒன்றைக்கூடத் தொட அக்கா விட்டதில்லை. நால்வரில் மந்திரக்காரியான ஹருனோ அடிபட்டு விழும்போதெல்லாம், ஒரு குப்பி கொடுக்கலாமென்று நான் கெஞ்சுவேன்.

"இருக்கட்டும்டா. கடைசிச் சண்டைக்கு வேணும்."

கடைசிச் சண்டையும் முடிந்தது. ஒன்றையும் நாங்கள் திறக்கவில்லை.

இப்போது முதல் சண்டையிலேயே ஹருனோவின் தோளில் வெட்டு விழுந்தது. உடனே ஒரு குப்பியைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, மூடியைக்கூடத் திறக்காமல் பைக்குள் திரும்ப வைத்தாள்.

"எனக்கு எதுக்கு? கடைசிச் சண்டைக்கு இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கி, தானே ஒரு குப்பியைக் கொடுத்தாள். ஹருனோ அதையும் பைக்குள் வைத்தாள். அக்கா மறுபடி கொடுத்தாள். ஏழெட்டு முறை இப்படியே நடந்தது.

கடைசியில் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, திரைக்கு அருகில் போய்ச் சொன்னாள்.

"குடிச்சிரு தாயி. நெறைய இருக்கு."